இடம் மாறாத இரண்டு வரிகள்

பெண்டாட்டி செத்ததைப் பற்றி ஒருவன் எழுதிய கவிதையைப் படித்து ஆபீஸே அழுததாம். ஸ்கேல் அக்கா மட்டும் அதைக் கிழித்துக் குப்பையில் போட்டாளாம். பைண்டிங்காரர் சொன்னதாக லிப்ட்காரர் சொன்னது. அதற்குள் கண், காது, மூக்கு எல்லாம் வைத்தாகிவிட்டது.

வாரப் பத்திரிகையில் இருபது வருடமாக, வரிக்கடியில் ஸ்கேல் வைத்துப் புரூஃப் பார்ப்பவள் அவள்; பெயர் அப்படி வந்தது. கவிதைப் போட்டி வந்தால் கடைசிச் சல்லடையும் அவள்தான். பெயரை மறைத்து, எண் போட்டுக் கொடுப்பார்கள். வரிவரியாகக் கத்தரித்து, சீட்டுக்கட்டு மாதிரி கலைத்துப் பரப்புவாள். எப்படி அடுக்கினாலும் ஒன்றும் கெடவில்லை என்றால், "இது கட்டின வீடு இல்ல, கொட்டின செங்கல்" என்று தள்ளிவைப்பாள்.

முப்பத்தோராம் எண்ணை உதவி ஆசிரியர் மூக்கை உறிஞ்சிக்கொண்டே கொடுத்தார்.

"இதுக்குமா கத்தரி? உங்களுக்கு மனசுன்னு ஒண்ணு இருக்கா இல்லியா?"

"இருக்கு சார். அதுக்கு மார்க் போடச் சொல்லலையே நீங்க!"

இரண்டாம் வரியில் பொத்தான் வந்ததுமே அவளுக்குத் தெரிந்துவிட்டது. கோபம் வந்தால் புருஷன் சட்டைக்கு வேறு நிறப் பொத்தான் தைத்துவிடுகிறவள் உலகத்தில் ஒருத்திதான். போய்ப் பத்து மாதமாகிறது. எழுதியவன், அச்சகத்துக்குக் காகிதம் ஏற்றிவரும் ஸ்கேல் அக்காவின் சொந்தத் தம்பி.

கண் நிறைந்தது. ஒன்பது வரிகளையும் கலைத்தாள், அப்போதும் நிறைந்தது. தலைகீழாக அடுக்கினாலும் அதே அழுகை. அழ வைப்பது சாவு, கவிதை இல்லை. இரண்டே வரிகள்தான் ஒன்றையொன்று விடமாட்டேன் என்றன:

கதவைப் பூட்டினேன்.
சாவியை நீ எடுக்கும் இடத்தில் வைத்தேன்.

'பரிசுக்கு இல்லை' என்று எழுதினாள். யாருடையது என்று மூச்சு விடவில்லை. விட்டால் இரக்கப்பட்டே கொடுத்துவிடுவார்கள்.

மறுநாள் மதியம் தம்பி மகள் போன் செய்தாள்.

"அத்தை, நீங்க கிழிச்சுப் போட்டீங்கன்னு அப்பாகிட்ட யாரோ சொல்லிட்டாங்க. காலைல சாப்பிடல. 'அக்காவுக்குமா அவ யாருன்னு தெரியல'ன்னு ஒரே வார்த்தை."

"கிழிக்கலடி, கத்தரிச்சேன்."

"அதை என்கிட்ட சொல்லி என்ன அத்தை? அவருக்குப் போடுங்க."

போட்டாள். ஏழு வரி அவளுக்காக அழுதுச்சுடா, ரெண்டு வரி அவளைக் கூட்டிட்டே வந்துடுச்சு, அது போதும்டா உனக்கு என்று சொல்லவேண்டும். இல்லை, 'நானும் அழுதேன்டா' என்பதைத்தான் முதலில் சொல்லவேண்டும். ரிங் போய்க்கொண்டே இருந்தது. நின்றது. மறுபடி போட்டாள்.