அண்ணனுக்கு விட்டுக்கொடுத்த தண்ணீர்

அப்பா இறந்த பிறகு நிலத்தை இரண்டாகப் பிரித்துக்கொண்டோம். கிணற்றை மட்டும் பிரிக்க முடியவில்லை. ஒருநாள் தண்ணீர் எனக்கு, மறுநாள் அண்ணனுக்கு. இதை நாங்கள் முறை என்போம். ஆண்டிபட்டிப் பக்கத்துக் காட்டில் முறை என்றால் முறைதான். வீட்டில் கல்யாணமானாலும் சாவானாலும் அது மாறாது.

நான் என் பங்கில் நாற்பது சென்ட்டுக்குச் சொட்டுநீர் போட்டுக் கத்தரி வைத்தேன். சின்னமனூரில் வாழைத் தோப்புகளில் கழித்துப் போடுகிற சருகை ஒரு வண்டி நிறையக் கொண்டுவந்து பாத்தி மேல் மூடாக்காகப் பரப்பினேன். குழாய்கள் சருகுக்கு அடியில் கிடந்தன. வெயில் மண்ணைத் தொடவில்லை. ஒரு மணி நேரம் மோட்டார் ஓடினால் செடிகள் இரண்டு நாள் தாங்கின.

அந்தச் சந்தோஷத்தில் வாயை விட்டுவிட்டேன். கிணற்றடியில் அண்ணனிடம், "என் முறையில எனக்குக் காலையில ஒரு மணி நேரம் போதும்ணே. மிச்சத்த நீங்க பாய்ச்சிக்கங்க" என்றேன்.

அண்ணன் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "நெசமாத்தான் சொல்றியாடா? பெறகு வந்து நிக்க மாட்டியே?"

"நிக்க மாட்டேண்ணே."

அந்தத் தண்ணீரை நம்பி அவர் வாழை வைத்தார். அதற்கு முன் எங்கள் காட்டில் யாரும் வாழை வைத்ததில்லை.

என் முதல் கத்தரி நன்றாகவே வந்தது. அதை முடித்துவிட்டு இரண்டாவது தடவை நட்டபோதுதான் தப்புச் செய்தேன். சாணம், கோமியம், வெல்லம், பயறு மாவு கலந்து புளிக்கவைக்கிற ஜீவாமிர்தத்தை அதுவரை என் மனைவிதான் குடத்தில் சுமந்து செடி செடியாக ஊற்றினாள். அவளுக்கு இடுப்பு வலி வந்துவிட்டது. அதைத் தொட்டியில் கலந்து குழாய் வழியாகவே விட்டால் என்ன என்று தோன்றியது. தேனியில் நடந்த ஒரு பயிற்சிக் கூட்டத்தில் இதைக் கேட்கவே நினைத்து எழுந்தேன். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். உட்கார்ந்துவிட்டேன். ஊருக்கு வந்து, என் பழைய வேட்டியை இரண்டாக மடித்து அதில் வடிகட்டி, தொட்டியில் ஊற்றினேன். சுத்தமாகத்தான் இருந்தது.

இரண்டு மாதம் கழித்து, பூ எடுக்கிற சமயத்தில் இலைகள் மதியத்தில் தொங்க ஆரம்பித்தன. பிறகு சாயங்காலமும் நிமிரவில்லை. வாடல் நோய் என்று நினைத்தேன். மோட்டார் ஓடுகிறது, குழாயின் கடைசி முனையைத் திறந்தால் தண்ணீர் கொட்டுகிறது. வேறென்னவாக இருக்கும்? மருந்துக் கடைக்காரர் கொடுத்ததை அடித்தேன். இன்னும் இரண்டு வரிசை படுத்தது.

என் மனைவிதான் ஒரு செடியடியில் குந்தி உட்கார்ந்து சருகை விலக்கினாள். அடியில் மண் புழுதியாக இருந்தது. சொட்டுகிற துளையைப் பிதுக்கினால் கறுப்பாகக் கோழைபோல ஒன்று வந்தது. நான் ஊற்றிய கரைசல்தான் குழாய்க்குள் பாசியாகப் பிடித்துத் துளைகளை அடைத்திருந்தது. மூடாக்கு இல்லாவிட்டால் ஈரம் படாததை முதல் வாரமே கண்டிருப்பேன்.

"கொழாயக் கழுவ எத்தன நாளாகும்?" என்றாள்.

"ஒரு வாரமாவது ஆகும்."

"அதுவரைக்கும் செடி இருக்காது. வாய்க்காவுக்கு ஒரு மணி நேரத் தண்ணி காணாது. உங்க அண்ணன்கிட்டப் போயி நம்ம முறையக் கேளுங்க. வாய்க்கா வழியாப் பாய்ச்சுவோம்."

போனேன். அண்ணன் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். என்ன என்று நிமிர்ந்து பார்த்தார். மண்வெட்டி வேண்டும் என்றேன். மதினி மண்வெட்டியை எடுத்துவந்து கொடுத்துவிட்டுச் சிரித்தார். "மம்பட்டி கேக்க வந்த மொகமா இது? கொழுந்தனாரு ரெண்டாந்தாரத்துக்குப் பொண்ணு கேக்க வந்தாப்புல நிக்கிறாரு."

மறுநாளும் போனேன். வாழையில் தார் தள்ளிக்கொண்டிருந்தது. அந்தச் சமயத்தில் வாழைக்குத் தண்ணீர் குறைந்தால் காய் பெருக்காது. அதைப் பார்த்ததும் கேட்க வாய் வரவில்லை. மூன்றாம் நாள் மோட்டார் ரூம் வரைக்கும் போய்த் திரும்பினேன். வீட்டில் என் மனைவி, "வாயிருந்தும் ஊமையா இருக்கீகளே" என்று சொல்லிவிட்டு, குடத்தை எடுத்துக்கொண்டு காட்டுக்குப் போனாள். அந்த இடுப்போடு அவள் வரிசை வரிசையாகத் தண்ணீர் ஊற்றினாள். நானும் சுமந்தேன். நாற்பது சென்ட்டுக்குக் குடம் எம்மாத்திரம்?

ஐந்தாம் நாள் அண்ணனே வரப்பில் வந்து நின்றார். செடிகளைப் பார்த்தார். அப்போதுதான் சொன்னேன்.

"இதுக்குத்தான் வந்து வந்து போனியா?"

நான் சருகை விலக்கி மண்ணைக் காட்டினேன்.

"மொத நாளே கேட்டிருந்தா ஒரு நாத் தண்ணியோட முடிஞ்சிருக்கும்லடா. இப்ப மண்ணு பொளந்து கெடக்கு. மூணு முறை விட்டாலும் காணாது." தன் வாழைப் பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்தார். "மடையத் திருப்பு. எம் முறையவும் சேத்து எடுத்துக்க."

ஆறு நாள் கிணறு முழுக்க என் காட்டுக்குப் பாய்ந்தது. மேற்கே இருந்த பாதிச் செடிகள் பிழைத்தன. மற்றதைப் பிடுங்கினேன். அண்ணனின் வாழையில் அந்தத் தடவை தார்கள் சிறுத்துப்போயின. பார்க்க வந்த வியாபாரி ஒரு காயை நிமிண்டிப் பார்த்துவிட்டு, "என்ன அண்ணாச்சி, தண்ணி காட்டலையா?" என்று கேட்டார். நான் பக்கத்தில்தான் நின்றேன். அண்ணன், "இந்த வெயிலுக்கு இம்புட்டுதான் வரும்" என்றார்.

என்னை அவர் ஒரு சொல் சொல்லவில்லை. ஆனால் அந்த வாழையை வெட்டியதும் மறுபடி வாழை வைக்கவில்லை. மழைக்கு வருகிற சோளத்தை விதைத்துவிட்டார். என் குழாய்களில் இப்போது தண்ணீர் சரியாகச் சொட்டுகிறது. என் முறையில் ஒரு மணி நேரம் போக மிச்சத் தண்ணீரை அவர் தொடுவதில்லை. இந்தத் தடவை தண்ணீரைத் திருப்பிக் கேட்க மாட்டேன், வாழை வையுங்கள் என்று சொல்வதற்காகப் போன வாரம் அவர் வீட்டுக்குப் போனேன். மதினி மோர் கொடுத்தார். குடித்துவிட்டு வந்துவிட்டேன்.