இருபதாவது பெயர்

எழுபதுகளின் தொடக்கத்தில் எங்கள் பேட்டையில் ‘நகர்’ என்று ஒரு பலகை நட்டார்கள். பலகைதான் வந்தது, நகரம் வரவில்லை. வேர்க்கடலை விளைந்த மல்லாட்டைக் கொல்லையை மனை பிரித்துக் கல் நட்டிருந்தார்கள். குடிவந்த ஜனங்களைவிட மேய்ந்த ஆடுகள் ஜாஸ்தி. மழை பெய்தால் விட்டுப்போன மல்லாட்டை யார் மனை என்று பார்க்காமல் முளைக்கும். நாங்களும் யார் மனை என்று பார்க்காமல் பிடுங்கித் தின்போம்.

பள்ளிக்கூடம் ஒரு கூரைக் கொட்டகை. ஐந்தாவதோடு சரி. மேலே படிக்க ரயில்வே கேட்டைத் தாண்டி டவுனுக்குப் போகவேண்டும்.

“பொட்டப் புள்ளய கேட்டு தாண்டி அனுப்பறதா? வேணாம், ஊட்லயே இருக்கட்டும்” என்றார் அப்பா. அவர் சொன்னால் சொன்னதுதான். நான் இரண்டு நாள் சாப்பிடாமல் கிடந்தேன். யாரும் அசைந்து கொடுக்கவில்லை.

டீச்சர்தான் ஆறாம் வகுப்புக்கு மனுப் போட்டார். இருபது பிள்ளைகள் இருந்தால் தருவதாகச் சொன்ன அதிகாரி, ஆடி மாதத்தில் பார்வையிட வருவதாக இருந்தது. தேடித் தேடிச் சேர்த்தும் பத்தொன்பதுதான்.

எதிர்வீட்டு அக்கா நான்கு வருடம் முன்பு அதே கொட்டகையில் ஐந்தாவது முடித்து, மேலே வகுப்பில்லாமல் நின்றவள். தை மாதம் கீழ்பென்னாத்தூரில் கட்டிக்கொடுத்தார்கள். புதுப்பெண் என்பதால் ஆடிக்குத் தாய்வீடு வந்திருந்தாள். அம்மா போய்க் கெஞ்சினாள்: “ஒரு நாள் வந்து குந்திட்டுப் போம்மா, எம்பொண்ணு படிப்பு உங்கையிலதான் கீது.”

தாலியைத் தாவணிக்குள் மறைத்துக்கொண்டு அக்கா வந்தாள். மெட்டியைக் கழற்ற மட்டும் எல்லோரும் மறந்துபோனோம். தரையில் சம்மணமிட்டிருந்தவளை அதிகாரி எழுந்து படிக்கச் சொன்னார். அவர் கண் அவள் காலுக்குப் போனது. டீச்சருக்கு முகம் வெளுத்துவிட்டது. அக்கா ஒரு பக்கம் முழுவதையும் தடுமாறாமல் படித்து முடித்தாள்.

“நாளையிலிருந்து ஒழுங்கா வரணும்மா” என்றார் அவர்.

“வரேங்க சார்.”

வகுப்பு கிடைத்தது. அப்பா எனக்கு நோட்டு வாங்கிவந்தார்.

மறுநாள் எங்களுக்கு முன்பே அக்கா வந்து உட்கார்ந்திருந்தாள். டீச்சர் அவளைப் பார்த்தார், போகச் சொல்லவில்லை. ஆடி முடியும்வரை ஒரு நாள் தவறாமல் வந்தாள். பின்னக் கணக்கு எனக்குக் குழம்பும், அவளுக்குக் குழம்பாது. எனக்காகத்தான் வருகிறாள் என்று நினைத்திருந்தேன். எவ்வளவு மக்கு நான்! அவள் அவளுக்காக வந்தாள்.

ஆவணி பிறந்ததும் அவள் புருஷன் வந்து அழைத்துப்போனான்.

இருபது குறையக்கூடாது என்று டீச்சர் வருடம் முழுக்க அவள் பெயரையும் கூப்பிட்டார். எங்களில் ஒருத்தி முறைவைத்து “உள்ளேன் டீச்சர்” சொல்லவேண்டும். என் முறை வரும் நாளில் நான் அவள் உட்கார்ந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருப்பேன். பக்கத்தில் இருப்பவள் சொல்லிவிடுவாள்.