கடைசி விதிக்குக் கீழே

ஆஸ்பத்திரியில் அவரைக் கேட்டுக்காரர் என்றுதான் கூப்பிடுவார்கள். வாசலில் நிற்கிறவர் அல்ல. ஆஸ்பத்திரிக் கம்ப்யூட்டர்களுக்குக் காவலாக இருக்கும் ஃபயர்வாலைப் பார்த்துக்கொள்கிறவர். ஃபயர்வால் முகம் பார்க்காது, தாட்சண்யம் தெரியாது. உள்ளே வரவோ வெளியே போகவோ பார்க்கும் ஒவ்வொரு இணைப்புக்கும், எழுதிவைத்த விதிகளை மேலிருந்து கீழே படிக்கும். பொருந்துகிற முதல் விதியோடு நின்றுவிடும். கடைசியில் ‘மீதி எதையும் விடாதே’ என்றொரு விதி உண்டு. அதற்குக் கீழே என்ன எழுதினாலும் செவிடன் காதில் ஊதிய சங்குதான்.

போன வருடம் இவருடைய அப்பா அதே ஆஸ்பத்திரியின் தொற்று வார்டில் தனியாகக் கிடந்தார். அங்கே வீடியோ அழைப்புக்கு அனுமதி இல்லை. வெளிநாட்டில் இருந்த தம்பி அப்பாவின் முகத்தைப் பார்க்கட்டுமே என்று, கட்டிலருகே இருந்த டேப்லெட்டுக்கு மட்டும் இவரே ஒரு விதி எழுதி வழி திறந்தார். அழைப்பு வரவேயில்லை. “சின்னவன் மறந்துட்டான் போல” என்று நர்ஸிடம் சொல்லிவிட்டு அப்பா கண்ணை மூடினார்.

“கூப்பிட்டுக்கிட்டேதான் இருந்தேண்ணா, லைனே போகல” என்று தம்பி போனில் அழுதான்.

“யார்கிட்ட கதை விடுற? வழி விட்டவனே நான்தான்டா” என்றவர், அதோடு அவனிடம் பேச்சுவார்த்தையை முறித்துக்கொண்டார்.

இன்று, உதவாத விதிகளைக் களையெடுக்க உட்கார்ந்தபோது அது கண்ணில் பட்டது. ஒருமுறைகூட வேலை செய்யாத விதி. அவசரத்தில் அதைக் கடைசி விதிக்குக் கீழே எழுதியிருந்தார்.

தம்பியிடம் காலில் விழுந்தாவது மன்னிப்புக் கேட்டுவிடலாம். சின்னவன் மறக்கவில்லை என்று அப்பாவிடம் யார் போய்ச் சொல்வது?