அரைப் பேர்

படித்து முடித்தவர்களுக்கு ஆஸ்திரேலியா கொடுக்கும் வேலை தேடும் விசாவில் எனக்குச் சில மாதங்களே மிச்சம் இருந்தன. உணவு அறிவியல் பட்டம் பெட்டிக்குள் பத்திரமாக இருந்தது. வேலைதான் இல்லை. கிடைக்காவிட்டால் இலங்கையில், பதுளைப் பக்கத்து ஸ்பிரிங்வெளித் தேயிலைத் தோட்டத்துக்குத் திரும்ப வேண்டியதுதான். திரும்புவது ஒன்றும் கேவலமில்லை. ஆனால் அம்மாவைக் கொழுந்து மலையிலிருந்து இறக்கிவிடுவதாகச் சொல்லித்தான் நான் விமானம் ஏறியிருந்தேன்.

என்னோடு ஒரே வீட்டில் இருந்த அக்கா யாழ்ப்பாணத்துக் குடும்பம். அப்பா பதுளை ஆஸ்பத்திரியில் டாக்டராக இருந்ததால் பதுளையில் வளர்ந்தவர். எனக்கு முன்பே வந்து, நிரந்தரமாகத் தங்கும் பி.ஆர். உரிமையை வாங்கியவர். அவரைப் பார்க்க வருகிறவர்களெல்லாம் எனக்கு வழி சொன்னார்கள். இன்னொரு கோர்ஸ் படி என்றார் ஒருவர். பிரஜாவுரிமை உள்ள மாப்பிள்ளையைக் கட்டு என்றார் இன்னொருவர். அவர் கைவசமே ஒரு மாப்பிள்ளை இருந்தார். அந்த மாப்பிள்ளைக்கும் வேலை இல்லை என்பது பிறகுதான் தெரிந்தது.

நான் செய்தது வேறு. விடிகாலையில் எழுந்து குளித்து, நல்ல உடுப்பு உடுத்தி, போனை மேசையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். விண்ணப்பம் அனுப்பியாகிவிட்டது, இனி அவர்கள் கூப்பிட வேண்டியதுதானே. தப்பித் தவறி நேர்முகத்துக்குக் கூப்பிட்டு, உனக்கு என்ன தெரியும் என்று கேட்டால், "எந்த வேலை கொடுத்தாலும் செய்வேன்" என்பேன். அது அடக்கமான, நல்ல பதில் என்றே நினைத்திருந்தேன்.

ஒருநாள் அக்கா தேநீர்க் கோப்பையோடு எதிரில் வந்து உட்கார்ந்தார்.

"இதென்ன பெரட்டோ, தங்கச்சி? கங்காணி வந்து கூப்பிடுமட்டும் காத்துக்கொண்டு நிக்கிறீர்?"

எனக்குச் சுர்ரென்று கோபம் வந்தது. டாக்டர் மகளுக்குப் பெரட்டைப் பற்றி என்ன தெரியும் என்று அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினேன். உள்ளே உட்கார்ந்து யோசித்தால், அவர் சொன்னது அச்சு அசலாக நான்தான். காலையில் பெரட்டுக் களத்தில் வரிசையாக நின்று, மேற்பார்க்கும் கங்காணி காட்டிய மலைக்கு மறுபேச்சில்லாமல் போவது எங்கள் வீட்டில் தலைமுறைப் பழக்கம். அங்கே வாய் திறக்காதவள்தான் நல்ல ஆள். அந்த நல்ல ஆள் இந்த நாட்டில் யாருக்கும் வேண்டியிருக்கவில்லை. அந்த ஒரு கிண்டலுக்காக அக்காவுக்கு நான் ஆயுசுக்கும் கடமைப்பட்டவள்.

வழியையும் அவரே காட்டினார். பெரிய நகரங்களை விட்டுத் தூரத்து ஊரில் வேலை கிடைத்தால் முதலில் சில வருட விசாவுக்கு வழி உண்டு. அங்கேயே தங்கி வேலை செய்தால் பிறகு பி.ஆர். கேட்கலாம். "போனை எடும். நீரே கதையும்" என்றார். நான் பேசி முடிக்கும்வரை பக்கத்திலேயே நின்றார்.

நான் கூப்பிட்டது அப்படியொரு தூரத்து ஊரில் கரட்டும் லீக்ஸும் கழுவிப் பொதி செய்யும் ஒரு நிறுவனம். நேரில் வரச் சொன்னார்கள், போனேன். மேலாளர் வயதான பெண்மணி. "இந்த ஊரில் ஒன்றும் கிடையாது. பட்டதாரிகள் வருவார்கள், குளிர் தொடங்கியதும் ஓடிவிடுவார்கள்" என்று சலித்துக்கொண்டார். அவர் கேள்வி எதுவும் கேட்கவில்லை. நானாகவே பேச ஆரம்பித்தேன். அம்மாவின் தாய்வீடு மடுல்சீமை மலையில், மழை விழுந்தால் பஸ் வராது, பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு நடப்போம் என்றேன். மரக்கறி விளையும் வெலிமடையில் லொறி ஏறும் முன்பே லீக்ஸ் அழுகிப் போவதைப் பார்த்துத்தான் இந்தப் படிப்பை எடுத்தேன், அதை எப்படிக் குறைப்பது என்று எனக்குத் தெரியும் என்றேன். நிறுத்தச் சொல்வார் என்று பார்த்தேன். அவர் நாற்காலியை இன்னும் கொஞ்சம் முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். அந்த மனுஷியும் நன்றாக இருக்க வேண்டும்.

வேலை கிடைத்தது. விசா வந்த அன்று அம்மாவுக்கு போன் எடுத்தேன்.

"பேரு போட்டுட்டாங்களா?" என்றார் அம்மா.

தோட்டத்தில் ஒரு நாள் வேலை என்பது ஒரு பேர். கொழுந்து நிறை குறைந்த நாளில் அரைப் பேர்தான் போடுவார்கள், சம்பளமும் பாதிதான்.

"இப்ப அரைப் பேருதாம்மா. இங்கனயே இருந்து வேல செஞ்சாத்தான் முழுப் பேரு. ஆனா நீங்க இனிமே மலைக்குப் போக வேணாம்."

"நான் அரைப் பேரு வாங்கிட்டு வந்த மறுநாளும் நீ பள்ளிக்கொடத்துக்குப் போனதானே" என்றார் அம்மா. "இது போதும்."