ரம்புத்தானுக்காகக் கொடுத்த வாக்கு

மலேசியாவின் பத்து காஜா ஊரில் என் பக்கத்து வீட்டுக்காரர் ஒல்லியானவர். மடித்துக் கட்டிய கைலியும் கையில் பாராங் கத்தியுமாக, காய்க்காத தன் ரம்புத்தான் மரத்தைக் காலையிலேயே சுற்றத் தொடங்கிவிடுவார். ஓரிடத்தில் நிற்கமாட்டார்.

ஒருநாள் வேலியோரம் வந்தார்.

"தம்பி, நான் வெட்டப் போறேன்னு மிரட்டுவேன். நீங்க மரத்துக்குப் பதிலா கெஞ்சணும். எஸ்டேட்டுல இப்படித்தான் செய்வோம். அப்பதான் காய்க்கும் லா."

மரத்தின் பின்னால் போய் நின்றேன். கத்தியை ஓங்கினார். முகத்தில் விளையாட்டே இல்லை.

"வேணாம் அண்ணே! அடுத்த வருஷம் கண்டிப்பா காய்ச்சிடுறேன்!"

கத்தியைத் தாழ்த்தினார். "பேச்சு மாறக்கூடாது."

அடுத்த வருஷமும் வந்துவிட்டது. தெருவில் மற்ற மரங்களெல்லாம் சிவப்பாகக் காய்த்துத் தொங்குகின்றன. இதில் ஒரு பூ இல்லை. இப்போதும் கத்தியோடுதான் சுற்றுகிறார். ஆனால் மரத்தைப் பார்ப்பதில்லை; என்னைத்தான் பார்க்கிறார்.