‘இன்னாத்துக்கு’ என்ற சொல்லை நான் மொழிபெயர்த்த கதை

1. முதல் நாள்

சர்க்காரில் துபாஷியாக, அதாவது மொழிபெயர்த்துச் சொல்பவனாகச் சேர்ந்த முதல் நாளே என்னை வேலூரில் ஒரு கமிட்டியின் பக்கத்தில் உட்கார்த்திவிட்டார்கள். வெள்ளைக்காரர் ஆட்சியிலேயே கல்வி இலாகா நம் மந்திரிகள் கைக்கு வந்திருந்த சமயம். பழைய சர்க்குலரில் ‘ராஜ விசுவாசம்’ என்றிருந்த இடமெல்லாம் புதியதில் ‘பிரஜைகளின் கடமை’ ஆகியிருந்தது. சர்வகலாசாலைச் சட்டத்தைத் திருத்துவதற்காக, காலேஜ் யார் யாருக்கு வேண்டும் என்று ஜில்லா ஜில்லாவாகச் சாட்சி கேட்டார்கள். தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகளுக்கு இலவச சீட் ஒதுக்கலாமா என்பதும் ஒரு கேள்வி. நான் கும்பகோணத்துக்காரன். தமிழில் எனக்குத் தெரியாதது என்ன என்ற நினைப்பு வேறு.

ஆம்பூரில் தோல் பதனிடும் ஷெட்டில் சுண்ணாம்புக் குழி வேலை பார்த்த தேவசகாயம் சாட்சிக்கு வந்தார். அவர் மகள் ஸ்கூல் பைனல் பாஸ். கமிட்டித் தலைவரான வெள்ளைக்காரர் கேட்டதைத் தமிழில் சொன்னேன்: “உங்கள் ஜனங்கள் காலேஜ் படிப்பை விரும்புகிறார்களா?”

தேவசகாயம் சிரித்தார். “இன்னாத்துக்குங்க எங்களுக்குப் படிப்பு?”

‘எங்களுக்கு எதற்குப் படிப்பு’ என்று சொல் மாறாமல் இங்கிலீஷில் சொன்னேன். தலைவர் தலையாட்டி எழுதிக்கொண்டார்.

“எம்பொண்ணு பாஸ் பண்ணிட்டு ஒரு வருசமா வூட்ல...” என்று அவர் ஆரம்பித்தார். அதற்குள் அடுத்த சாட்சியைக் கூப்பிட்டாயிற்று.

வெளியே என்னைப் பிடித்துக்கொண்டார். “நான் சொன்னத தொரைகிட்ட சொல்லிட்டீங்களா சார்?”

“அப்படியே சொன்னேன்” என்றேன்.

2. ஆம்பூர் ஸ்டேஷன்

மறுநாள் கமிட்டியோடு ஆம்பூரில் ரயிலுக்கு நின்றேன். பக்கத்தில் இரண்டு தோல் ஷெட் ஆட்கள்.

“மொதலாளிகிட்ட லீவு கேளேம்பா.”

“இன்னாத்துக்கு? கேட்டா மட்டும் குடுத்துடப் போறாரா?”

அந்த ஆளுக்கு லீவு வேண்டும். கிடைக்காது என்பதுதான் பேச்சு. தேவசகாயம் சொன்னதும் அதுதான்: படிப்பு வேண்டும், கேட்டாலும் கிடைக்காது.

தலைவர் நாலடி தள்ளித்தான் நின்றார். போய்ச் சொல்லியிருக்கலாம். ஆனால் வேலை இன்னும் பர்மனெண்ட் ஆகவில்லை. துபாஷிக்குத் தமிழ் தெரியாது என்று எழுதிவிட்டால் என்ன செய்வது? வாயில் கொழுக்கட்டையோடு ரயில் ஏறினேன். இன்றைக்கும் அதை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

3. அறிக்கை

தோல் தொழிலாளர் உயர்கல்வியை விரும்பவில்லை என்று அறிக்கையில் அச்சாகி வந்தது. அதைத் தமிழாக்கும் வேலையும் என் தலையில்தான் விழுந்தது. பரிகாரம் செய்கிற நினைப்பில், ‘விரும்பவில்லை’ என்பதை விட்டுவிட்டு, “‘இன்னாத்துக்கு எங்களுக்குப் படிப்பு?’ என்று தோல் தொழிலாளர் கேட்கிறார்கள்” என்று எழுதினேன். மேலதிகாரி கவனிக்கவில்லை. தமிழ்ப் பிரதியை ஊர் ஊராக ஒட்டினார்கள். இலவச சீட் கிடையாது என்ற உத்தரவு தனியாக இங்கிலீஷில் வந்தது. அதைத் தமிழாக்க யாரும் சொல்லவில்லை.

ஒரு வாரம் கழித்து தேவசகாயம் ஆபீசுக்கே வந்துவிட்டார்.

“எம்பொண்ணு படிச்சிக் காட்டிச்சு சார். நான் சொன்னது அப்பிடியே இருக்குது. ரொம்ப சந்தோசம். சீட்டு எப்ப வரும்?”

சீட் இல்லை என்றேன். தப்பு என்னுடையது என்றும் சொன்னேன். அவர் நம்பவில்லை.

“நீங்க இன்னா சார் பண்ணுவீங்க? சரியாத்தானே எழுதிருக்கீங்க” என்று என்னைச் சமாதானப்படுத்திவிட்டுப் போனார்.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்கிறேன். சாட்சி பேசி முடிக்கட்டும், பிறகு வாயைத் திறங்கள். தப்பு என்று தெரிந்தால் அன்றைக்கே, அந்தப் பிளாட்பாரத்திலேயே சொல்லிவிடுங்கள்.