பாழுங்கிணற்றில் கொட்டிய குளிசைகள்

உப்புவெளியில் எங்கள் ஒழுங்கை வீடுகளுக்கெல்லாம் குடிக்கக்கூடிய தண்ணீர் ஒரே கிணற்றில்தான். மற்றதெல்லாம் உவர். வேலிக்கு அந்தப் பக்கம், சனம் இடம்பெயர்ந்துபோன வீட்டு வளவில், ஒரு பாழுங்கிணறு கிடந்தது.

சண்டைக் காலம். மண்வெட்டியால் சின்னக் குழி தோண்டினாலும் ஆமிக்காரன் வந்து நிற்பான், என்ன புதைக்கிறாய் என்று. புகை எழும்பினாலும் வருவான். அப்படியான நாளில்தான் அகதி முகாமுக்கு நிவாரணமாக வந்த மருந்துகள் காலாவதியாகிப் பெட்டி பெட்டியாகக் கிடந்தன. புதைக்கவும் ஏலாது, எரிக்கவும் ஏலாது. நிவாரணக்காரரின் கண்ணில் தோண்டத் தேவையில்லாத குழி ஒன்று பட்டுவிட்டது.

நான் வேலை முடிந்து வந்தபோது கடைசிப் பெட்டியைப் பாழுங்கிணற்றுக்குள் கவிழ்த்துக்கொண்டிருந்தார்கள். குளிசை அட்டைகள், பாணி மருந்துப் போத்தல்கள், ஊசி மருந்து. எனக்கு விசர் பிடித்துவிட்டது.

"உங்களுக்கு அறிவிருக்கோ? பக்கத்திலை நாங்கள் குடிக்கிற கிணறு!"

பொறுப்பாக நின்றவர் சிரித்தார். "அது வேற கிணறுதானே தம்பி. வேணுமெண்டாக் கொதிக்க வைச்சுக் குடியுங்கோ."

வேறு கிணறாம்! முழுக்க மணல் தரை. இங்கே இறைத்தால் அங்கே தண்ணீர் இறங்கும். கொதித்தால் கிருமி சாகும், கரைந்த மருந்து எங்கே போகும்? இன்றைக்கு இதற்குப் புதுவகை மாசு என்று பெயர் வைத்து, கூட்டம் போட்டுத் தேநீர் குடித்துக்கொண்டு கதைக்கிறார்கள். தண்ணீரில் கலந்த மருந்துக்குக் கிருமி பழகிவிட்டால், பிறகு அதே மருந்து நோயாளிக்கு வேலை செய்யாதாம். கேட்கக் கேட்க எனக்கு வயிறு எரிகிறது.

அப்போது என் அக்கா நிறைமாதப் பிள்ளைத்தாச்சி. நான் நேரே போய் எங்கள் கிணற்றைத் தகரத்தால் மூடி, மேலே கல் ஏற்றினேன். ஒருத்தரும் அள்ளக்கூடாது என்று ஒழுங்கைக்கே கேட்கக் கத்தினேன்.

மறுநாள் பின்னேரம் தகரம் இழுபடும் சத்தம் கேட்டு ஓடினேன். அக்கா, ஒரு கையால் வயிற்றைத் தாங்கிக்கொண்டு கல்லைத் தள்ளிக்கொண்டிருந்தாள்.

"அக்கா, உங்களுக்கென்ன விசரோ?"

"தண்ணி கொண்டுவாற பவுசர் லொறி இண்டைக்கும் வரேல்லை. றோட்டையும் மூடிப்போட்டாங்கள். எட்டிப் பார், தெளிவாத்தானே கிடக்கு."

"தெளிவெண்டாப்போலை நல்ல தண்ணியோ?"

"அப்ப வேற எங்கை போய் அள்ள? நீயே சொல்லு."

எட்டிப் பார்த்தேன். மணமில்லை, நிறமில்லை. கெட்டுப்போய்விட்டது என்று காட்ட என்னிடம் ஒரு மண்ணும் இல்லை. அந்த மனிதரை, ஆமியை, சண்டையை, எல்லாவற்றையும் வாயில் வந்தபடி திட்டினேன். திட்டிக்கொண்டே கல்லை இறக்கினேன். பிள்ளை வயிற்றோடு அவளை வாளி இழுக்க விட ஏலுமா? நானே அள்ளி, அவளுடைய குடத்தை நிரப்பிக் கொடுத்தேன்.